முடியாதக்காவின் மூக்கு

பிசின் அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் மூக்கைக் காட்ட வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் இது விளையாட்டுப் பேச்சில்லை. காலையில் கதவருகே எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்னக் குப்பியின் மூடியைத் திறந்து ஒவ்வொருவர் முகத்துக்கு எதிரிலும் ஒரு கணம் பிடிப்பாள். உள்ளே இருப்பது தண்ணீரில் கரைத்த அம்மோனியா, அதுவும் பெயருக்கு ஒரு சொட்டு. “வருதா?” என்பாள். “வருது” என்றால் உள்ளே போகலாம். “வரல” என்றால் பேக்கிங்குக்குப் போகலாம். ஜலதோஷம் பிடித்தவன், அது விடும்வரை அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். சென்ட், பவுடர், வாசனை எண்ணெய் எதையும் பூசிக்கொண்டு வரக்கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு பையன் மாமியார் கொடுத்த சென்ட்டை அடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பனியனோடு நின்ற கதையெல்லாம் உண்டு.

இந்த விதியைப் போட்டது மேலிடம் இல்லை. முடியாதக்கா.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் பொறுப்பிலிருந்த உலையை யார் அவசரப்படுத்தினாலும் அவள் வாயில் வந்த முதல் சொல் “முடியாது” என்பதால், அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. மேனேஜர் கேட்டாலும் முடியாது, சரக்கு வாங்க வந்தவர் கேட்டாலும் முடியாது. வேதியியலில் பட்டம் வாங்கியவள், கூடவே பிடிவாதத்திலும் ஒரு பட்டம் வாங்கியிருப்பாள் என்று அவள் புருஷன் சொல்வான். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான், பதிலுக்கு நிற்க மாட்டான்.

அவள் பிடிவாதத்துக்கு நியாயம் இருந்தது. அங்கே பிசின் என்றால் மரத்தில் வடிகிற பிசின் இல்லை. சிலிக்கனும் நைட்ரஜனும் மாறி மாறிக் கைகோத்துச் சங்கிலி கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கொஞ்சம் கார்பனையும் ஹைட்ரஜனையும் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் பாலிமர். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். ஊற்றலாம், பூசலாம், துணியை அதில் ஊறவைக்கலாம், அதன் உறவுக்காரப் பிசின்களை நூலாகக்கூட இழுக்கலாம். அச்சில் ஊற்றி அளவான சூட்டில் வைத்தால் இறுகிக் கட்டியாகும். அந்தக் கட்டியைக் காற்றுப் புகாத உலையில் வைத்து ஆயிரம் டிகிரிவரை கொண்டுபோனால், ஹைட்ரஜனும் ஒரு பங்குக் கார்பனும் வாயுவாகக் கிளம்பிப் போய்விடும். மிஞ்சுவது கறுப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும் செராமிக். அதன்பின் அது உருகாது, துருப்பிடிக்காது, அமிலத்தை ஊற்றினாலும் ஏனென்று கேட்காது. இதே குணமுள்ள பீங்கானைப் பொடியை அமுக்கிச் செய்வதென்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு வேண்டும். சுட்டபிறகு வைரச் சக்கரத்தால் அறுத்து வடிவம் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும். பிசினில் வடிவத்தை முதலிலேயே கொடுத்துவிடலாம். சாமானில் ஊசி முனையளவு துளை வேண்டுமா, அச்சில் வைத்தால் போதும்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு இரண்டு கெட்ட குணம் உண்டு. ஒன்று, செராமிக் ஆகும்போது மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளிருந்து வாயு வெளியேறும்போது உலையை விரட்டினால் விரிசல் விழும். தடிமனான சாமான் என்றால் வெடித்தே போகும். அதனால் பிசினோடு ஏற்கெனவே சுட்ட செராமிக் பொடியைக் கலந்து சுருக்கத்தைக் குறைப்பார்கள், சாமானை மெல்லிசாகச் செய்வார்கள், சூட்டை எறும்பு வேகத்தில் ஏற்றுவார்கள். முடியாதக்கா “முடியாது” என்று சொன்னதெல்லாம் இந்த எறும்பைக் குதிரையாக்கச் சொன்னவர்களிடம்தான்.

இரண்டாவது குணம் இன்னும் மோசம். ஈரம் ஆகவே ஆகாது. மழைநாளில் டின்னைத் திறந்துவைத்தால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசின் அம்மோனியாவை விட ஆரம்பிக்கும். அது தெரியாமல் மூடியை இறுக்கினால் டின்னுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பிசினில் வார்த்த சாமானோ உள்ளே பொங்கி, உலையிலிருந்து ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அங்கே செய்தது கண்ணாடி உருக்கும் உலைகளுக்கான பர்னர் முனைகள். இரும்பு முனை நெருப்பில் கரைந்துபோகும், இந்தக் கறுப்பு முனை அசையாமல் நிற்கும். ஆனால் உள்ளே ஓட்டை இருந்தால் அதுவும் ஒருநாள் எரிகிற வாயு வரும் வழியில் உடைந்து விழும். பக்கத்தில் நிற்பவன் கதி என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

கூரையில் ஒரு மின்சாரக் கருவி இருந்தது. வாயு அதிகமானால் கத்தும். ஆனால் அது கத்தும்போது மனிதர்கள் ஏற்கெனவே கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பார்கள். ஆகவே நம்பிக்கை முழுக்க மூக்கின் மேல்தான்.

பல வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், பிசின் கலக்குகிற வேலையில் ஒருவர் இருந்தார். மூக்குப்பொடி போடும் பழக்கம். பொடிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் பொடி போட்டுப் போட்டு மூக்கு எப்போதோ மரத்துப் போயிருந்தது, அது அவருக்கே தெரியாது. ஈரம் பட்ட டின் ஒன்றை நல்ல டின் என்று நினைத்து மூடிவைத்தார். மறுநாள் முடியாதக்கா அதன் பிடியைத் தளர்த்தியபோது மூடி பறந்து வந்து அவள் நெற்றியில் விழுந்தது. தையல் போட்ட கையோடு அவள் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து, பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துப் பிசின் அறைக் கதவில் தானே எழுதினாள்: மூக்கு வேலை செய்யாதவர் உள்ளே வரக்கூடாது. பொடிக்காரர் அன்றே பேக்கிங்குக்குப் போனார். அதுவரை அவளைத் “தங்கச்சி” என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து “மேடம்” என்றார்.

நெற்றித் தழும்பை அவள் மறைத்ததே இல்லை. பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு மணக்கவில்லை, காபி மணக்கவில்லை. டாக்டர், “திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்று இரண்டு பக்கமும் பேசி அனுப்பினார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின மாலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடியிலிருந்து நாத்தனார் தடதடவென்று ஓடி வந்தாள்.

“அண்ணி, பால் கருகுது! எனக்கு மாடி வரைக்கும் வாடை வருது, உங்களுக்கு வரலையா?”

“ஜன்னல் தெறந்திருக்கு. காத்துல போயிடுச்சு.”

“ஜன்னல் சாத்தித்தான் இருக்கு.”

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். பலகையிலிருந்து எதையோ எடுத்து நசுக்கினாள். “கண்ணை மூடுங்க அண்ணி. இது என்ன?” என்று மூக்கருகே நீட்டினாள்.

“இதுகூடவா தெரியாது? வெங்காயம்.”

“பூண்டு.”

சமையலறை வாசலில் வந்து நின்ற புருஷன், “விடும்மா. இனிமே நான் குளிக்காம வந்தாலும் உங்க அண்ணி கண்டுபிடிக்க மாட்டா” என்றான். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் வேறு யாராவதாக இருந்திருந்தால் சிரித்திருக்கலாம். அவள்தான் அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. காலையில் குப்பி பிடிக்கிற கை அவளுடையது.

“நாளைக்கு வரிசையில நீங்களே சொல்லிடுங்க அண்ணி. என்னைச் சொல்ல வெக்காதீங்க.”

“சொல்லலேன்னா?”

“குப்பியைப் புடிக்கிறது நான்தானே.”

மறுநாள் முடியாதக்கா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். வீட்டில் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார், தொழிற்சாலையில் மற்றவர்களைப் போல அக்கா என்றுதான் கூப்பிடுவாள். குப்பியை நீட்டினாள்.

“வருதா, அக்கா?”

“வரல,” என்று முடியாதக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இன்னைக்கு வரல, நாளைக்கும் வராது. ஆனா நான் உள்ள போவேன்.”

நாத்தனார் கதவின் குறுக்கே கையை வைத்தாள். “விதி இருக்குக்கா.”

“விதியைப் போட்டவளே நான்தான்.”

“அதனாலதான் உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்த உலையை இவளைவிட நன்றாக ஓட்ட ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, “அக்காவுக்கு மட்டும் விதிவிலக்கு. எப்பவும் கூட ஒரு நல்ல மூக்கு நிக்கட்டும்” என்றார். நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கையை எடுத்தாள். முடியாதக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு, தான் எழுதிய எழுத்தைத் தாண்டி உள்ளே போனாள்.

நல்ல மூக்கு என்று போடப்பட்டவள் ஒரு சின்னப் பெண். அக்கா டின் பக்கம் போனால் அவளும் போவாள், அக்கா தும்மினால் அவளும் திடுக்கிடுவாள். அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்தாள், அது போதும் என்று இருந்தது.

அந்த நிம்மதி பேக்கிங் வாசல் வரைக்கும்தான். உலையிலிருந்து வந்த முனைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு அங்கே போனபோது, பொடிக்காரர் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். உங்களை உள்ள விட்டுட்டாங்களாமே.”

“விடாம?”

“அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? நான் கலக்கறேன், கூட ஒரு ஆளைப் போடுங்க, அவன் மோந்து பாத்துக்கட்டும்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?”

ஞாபகம் இருந்தது. முடியாது என்று சொல்லியிருந்தாள்.

“எனக்கு மூக்கு இல்லேன்னா பேக்கிங். உங்களுக்கு இல்லேன்னா விதிவிலக்கு. நல்லாத்தான் இருக்கு மேடம்.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “இது யாரால வந்தது? உங்க கவனக்குறைவால.”

“கவனக்குறைவு இல்ல மேடம். வாடை வரல. ரெண்டும் ஒண்ணா?”

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டாள். உலைக்கு முன்னால் நின்றபோது, நேற்று மாலை பாலுக்கு முதுகைக் காட்டி நின்றது நினைவுக்கு வந்தது. தான் கவனமாகத்தானே நறுக்கிக்கொண்டிருந்தோம்? பக்கத்தில் கருகியது, தெரியவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அந்த மனிதரைக் கவனமில்லாதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் சிலர் சுருங்கிப் போவார்கள். அவளுக்குக் கோபம்தான் வரும், அதுவும் தன் மேலேயே வந்தால் தாங்காது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், எனக்கு அது வேண்டாம்.”

“எது?”

“விதிவிலக்கு. மூக்கு இல்லாதவங்களும் உள்ள போகலாம்னு விதியையே மாத்துங்க. இல்லேன்னா நான் பேக்கிங்ல இருக்கேன்.”

“என்னக்கா இது, கெடச்சதை வேண்டாங்கறீங்க? மூக்கே இல்லாம எப்படி உள்ள விடறது? உயிர் சமாசாரம்.”

“ஒரு வழி கொண்டு வரேன்.”

“வழி வரலேன்னா?”

“பெட்டி ஒட்டறேன்.”

“உலையை யார் பாக்கறது?”

“நான் பழக்கின ஆளுங்க இருக்காங்க. நீங்க அவசரப்படுத்தாம இருந்தா நல்லாவே ஓட்டுவாங்க.”

இப்படித்தான், கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முடியாதக்கா பேக்கிங்குக்குப் போய் உட்கார்ந்தாள். வீட்டில் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஒருத்தி போராடி உள்ள போவா, பாத்திருக்கேன். போராடி உள்ள போயி, தானே வெளிய வந்து, மறுபடி உள்ள போகப் போராடறவளை இப்பத்தான் பாக்கறேன்” என்றான். மாடிப்படியில் நின்ற நாத்தனார் காதிலும் அது விழுந்தது. அன்று இரவுச் சாப்பாட்டைக் கீழே வந்து அவர்களோடு சாப்பிட்டாள்.

பேக்கிங்கில் அக்கா சுத்த மோசம். அவள் மடித்த பெட்டி ஒருபக்கம் இளிக்கும். பொடிக்காரர் அதை எடுத்துப் பிரித்து மறுபடி மடிப்பார், அவள் பார்க்கும்படியாக. ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் உங்களுக்காக வந்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் பெட்டியாலேயே அடித்திருப்பார்.

வழி என்று அவள் முதலில் நினைத்தது பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளில் அம்மோனியா பட்டால் நீலமாகும். ஒவ்வொரு டின் வாயிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டால் மூக்கு எதற்கு? உற்சாகத்தில் பொடிக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

அவர் மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “தாள் ஈரமா இருக்கணுமா?”

“ஆமா, காஞ்சிருந்தா சரியா நிறம் மாறாது.”

“ஈரம் பட்டா கெட்டுப்போற பிசினுக்குப் பக்கத்துல, கெட்டுப்போச்சான்னு பாக்க, ஈரத்தைத் தொங்கவிடப் போறீங்க.”

பொடிக்காரர் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். இத்தனை வருஷச் சிரிப்பும் சேர்ந்து வந்தது மாதிரி இருமல் வரும்வரை சிரித்தார். அவளுக்கு அடிக்கலாம் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பட்டம் வாங்கினவங்கதான் இப்படி யோசிப்பாங்க,” என்றார்.

“நீங்க யோசிச்சுத்தான் சொல்லுங்களேன்.”

“நான் எதுக்கு? நான் பேக்கிங்.”

“சரி, பேக்கிங்கே பண்ணுங்க. ரெண்டு பேரும் சாகறவரைக்கும் பெட்டி ஒட்டுவோம். உங்க பெட்டி நேரா இருக்கும், என்னுது கோணலா இருக்கும்.”

அவர் அடுத்த பெட்டியை எடுத்து மடித்தார். மாலையில் கடைசிப் பெட்டிக்கு நாடா ஒட்டும்போது, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: “டின்னுல பிசின் எடுக்கறப்ப மேலே நைட்ரஜன் விடறோம்ல, ஈரக் காத்து உள்ள போகாம இருக்க? அந்த நைட்ரஜன் எங்க போகுது தங்கச்சி?”

“குழாய் வழியா வெளிய போகுது.”

“அப்ப உள்ள எதுக்கு மோந்து பாக்கணும்? வெளிய வர்றதைப் பாரு.”

அதுதான் வழி. அறைக்குள்ளேயே தாள் தேவையில்லை. டின்னிலிருந்து வெளியேறும் வாயுவைச் சுவரைத் தாண்டித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு கண்ணாடி ஜாடியில் ஈரத் தாளைத் தொங்கவிட வேண்டும். ஈரம் குழாய் வழியாகத் திரும்பிப் போகாமல் இருக்க நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குப்பி. வாயு எண்ணெயில் குமிழி விட்டு வெளியே வரலாம், வெளியிலிருப்பது உள்ளே போக முடியாது. தாள் சிவப்பாக இருந்தால் பிசின் நல்லது, நீலமானால் கெட்டது. கண் இருக்கிறவர் யாரும் பார்க்கலாம். குழாயை அவள் வெட்டினாள், இணைப்புகளை அவர் இறுக்கினார். அவர் கை இன்னும் மறக்கவில்லை.

நாத்தனார் வந்து குனிந்து பார்த்தாள். அண்ணி என்பதற்காக ஒரு இம்மி விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை அவள். “டின்னை நான்தான் எடுத்து வெப்பேன். எதுல ஈரம் பட்டிருக்குன்னு சொல்ல மாட்டேன். மூக்கும் பாக்கட்டும், தாளும் பாக்கட்டும். மூக்கை விட தாள் லேட்டுன்னா, விதி அப்படியே இருக்கும்” என்றாள். இதில் மேனேஜருக்கும் சம்மதம்.

முதல் நாள் தோல்வி. மூக்குக்காரர்கள் டின்னருகே குனிந்து முகர்ந்த உடனே “இது” என்றார்கள். தாள் சிவப்பாகவே தொங்கியது. எல்லாரும் கலைந்து போன பிறகு, மறந்துபோன விருந்தாளி மாதிரி மெதுவாக ஓரத்தில் நீலம் வந்தது. தாழ்வாரத்தில் சிரிப்பு. முடியாதக்காவின் காது சிவந்தது.

பொடிக்காரர்தான் நைட்ரஜன் குழாயின் திருகைப் போய்ப் பார்த்தார். எண்ணெய் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. “யாரு இவ்வளவு வேகமா விட்டது?”

அவள்தான் விட்டிருந்தாள். சீக்கிரம் வந்து சேரட்டும் என்று. வாயு அதிகமாக ஓடியதால் கொஞ்சமாக இருந்த அம்மோனியா அதில் கலந்து நீர்த்துப்போய், தாளுக்குச் சரியாக எட்டவில்லை. ஆயுசு முழுக்க மற்றவர்களுக்கு மெதுவா, மெதுவா என்று பாடம் எடுத்தவள், தன் காரியம் என்றதும் குதிரையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

“அவசரப்படுத்தினா முடியாதுன்னு யாரோ சொல்லுவாங்களே, யாரு அது?” என்றார் பொடிக்காரர்.

“போதும், திருகைத் திருப்புங்க,” என்றாள்.

மறுபடி ஒரு சோதனை கேட்டாள். தோற்றவளுக்கு எதற்கு மறுபடி என்று மேனேஜர் இழுத்தார். அவள் அவர் அறையிலிருந்து நகரவே இல்லை. அவர் சாப்பிட எழுந்தபோதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், “சரி, நீங்க எந்திரிச்சா போதும்” என்று அவரே சொன்னார்.

அது மழை பெய்த நாள். நாத்தனார் டின்களைக் கதவுக்கு உள்ளே வரிசையாக வைத்தாள். குமிழிகள் ஒன்று, பிறகு ஒன்று என்று நிதானமாக வந்தன. முதல் டின்னில் மூக்கும் நல்லது என்றது, தாளும் சிவப்பு. அடுத்ததில் நெடி தூக்கியது, மூக்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தாளும் அதே நேரம் பளிச்சென்று நீலமானது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கடைசி டின்னை அவர்கள் குனிந்து பார்த்துவிட்டுச் “சுத்தம்” என்றார்கள். நாத்தனாரும் குனிந்து பார்த்தாள். அவள் மூக்குதான் அங்கே எல்லாவற்றிலும் கூர்மை என்று பேர். அவளும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

ஜாடியில் புதுத் தாள். முடியாதக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் கீழ் நுனி ஊதாவானது. பிறகு நீலமானது. நீலம் நிதானமாக மேலே ஏறியது.

“தாள் பொய் சொல்லுதுக்கா,” என்றான் ஒருவன். “ஒண்ணுமே இல்ல அதுல.”

நாத்தனார் நிமிர்ந்தாள். “பொய் இல்ல,” என்றாள். “காலைல அந்த டின்னை நான்தான் மழைக்காத்துல தெறந்து வெச்சேன். அதுல வாடை இருக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு வரல. முன்னாடி டின்னோட நெடியிலேயே நம்ம மூக்கெல்லாம் மரத்துப் போச்சு.”

இத்தனை மழைக்காலங்களில் காலையில் “வருது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர்கள், மதியம் வரை எத்தனை டின்னைச் சுத்தம் என்று மூடியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு உள்ளுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மேனேஜர் தாடையைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

பொடிக்காரர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை, முடியாதக்காவைப் பார்த்தார். “அன்னைக்கே ஒரு வழி தேடியிருக்கலாம்ல?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“தேடியிருக்கலாம்,” என்றாள். “மூடி அடிச்ச வலியில ஒரு ஆளை வெளிய தள்ளினேன். கதவுல எழுதறது சுலபமா இருந்துச்சு. தப்புண்ணே.”

அவள் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. பொடிக்காரர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. “பெயின்ட் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

பழைய எழுத்தை அவர்தான் அழித்தார், அழுத்தி அழுத்தி. முடியாதக்கா புதிதாக எழுதினாள்: தாளைப் பார்க்காமல் டின்னை மூடக்கூடாது. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குப்பியை மட்டும் நாத்தனார் விடவில்லை. கூடுதலாக ஒரு காவல் இருந்தால் நல்லதுதானே, யாருக்கு மூக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். அதில் அவள் அண்ணியைவிடப் பிடிவாதக்காரி.

மறுநாள் காலை வரிசையில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். பொடிக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாத்தனார் குப்பியைத் திறந்து அவர் முகத்துக்கு எதிரில் பிடித்தாள்.

“வருதா?”

“வரல,” என்றார் அவர், தாழ்வாரம் அதிரும்படி.

குப்பி அடுத்த முகத்துக்கு நகர்ந்தது.

“வருதா, அண்ணி?”

“வரல,” என்றாள் முடியாதக்கா, அவரைவிடச் சத்தமாக.

நாத்தனார் கதவைத் திறந்து விட்டாள். “போங்க உள்ள.”